பழைய காரும் பழுதுபார்க்கும் உரிமையும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மே மாத நண்பகலில், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கி என் பழைய காரில் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து. பின்னால் நீண்ட வாகன வரிசை. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். பர்லியாறுக்குச் சற்று முன்பு, எப்போதும் கெட்டியாக நிற்கும் பிரேக் மிதி என் காலடியில் பஞ்சுபோல் அமுங்கியது. வேகம் குறையவில்லை. தானியங்கிக் கியரைக் கையால் ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைச்சரிவை ஒட்டிய ஓரத்தில் காரை நிறுத்தினேன். அருகில் அமர்ந்திருந்த என் மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தபோது, எதுவுமே நடக்காததுபோல் மிதி பழையபடி கெட்டியாக இருந்தது.

நடந்தது இதுதான். பிரேக் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்வது ஒரு திரவம். திரவம் எளிதில் சுருங்காது. ஆகவேதான் காலின் விசை குறையாமல் சக்கரத்தைச் சென்று சேர்கிறது. ஆனால், பெரும்பாலான கார்களில் பயன்படும் பிரேக் திரவத்துக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. 'டாட் 4' என்ற தரத்தைச் சேர்ந்த புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதே திரவத்தில் சுமார் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால், தரவிதி கோரும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஏற்படும் வெப்பத்தில் ஈரமேறிய திரவம் கொதித்து ஆவியாகிறது. ஆவி சுருங்கும்; மிதி அமுங்கும்; சக்கரம் நிற்காது. குளிர்ந்ததும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். அந்தத் தோற்றம்தான் பேராபத்து.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்திரவத்தை மாற்ற வேண்டும் என்று காருடன் வந்த கையேட்டில் அச்சிட்டிருந்தார்கள். நான் ஐந்து ஆண்டுகளாக மாற்றவில்லை. இன்ஜின் ஆயிலை நானே மாற்றுகிறேன், காற்று வடிகட்டியை நானே மாற்றுகிறேன் என்று நண்பர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரிந்த பளபளப்பைக் கவனித்த அளவுக்கு, கண்ணுக்குத் தெரியாத திரவத்தைக் கவனிக்கவில்லை. குற்றம் காருடையதன்று, என்னுடையது.

என் கார் ஐரோப்பாவில் வடிவமைக்கப்பட்ட ஒரு சொகுசு கார். 2003ஆம் ஆண்டு மாதிரி. எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே முக்கியமில்லை. நான் சொல்லவிருப்பது அவ்வகைக் கார்கள் அனைத்துக்கும் ஏறத்தாழப் பொருந்தும். புதிதாக விற்கப்பட்ட காலத்தில் அதன் விலைக்கு எங்கள் ஊரில் ஒரு வீடு வாங்கியிருக்கலாம். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, கல்லூரி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான் அதை ஒரு புதிய சிறிய காரின் விலையைவிடக் குறைவாக வாங்கினேன். விளம்பரங்களில் இத்தகைய கார்களைப் பார்த்து இன்றும் பலர் மயங்குகிறார்கள். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று உண்டு: காலம் செல்லச் செல்லக் காரின் விலை குறையும், அதன் பராமரிப்புச் செலவு குறையாது. உதிரிபாகத்தின் விலை, அந்தக் கார் பிறந்த வகுப்பைச் சார்ந்தது. நாம் வாங்கியது மலிவு விலையில். பராமரிக்க வேண்டியது முழு விலைக் காரை. யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான்.

வாங்கிய ஆறாம் மாதத்திலேயே அந்தப் பாடம் கிடைத்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சொட்டுச் சொட்டாகக் குறைந்துகொண்டே வந்தது. பெரிய சேவை நிலையம் ஒன்றில் பரிசோதித்து, 1,40,000 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார்கள். அதிர்ச்சியோடு, கோவையில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிறிய பட்டறைக்குச் சென்றேன். முப்பது ஆண்டுகளாக அத்தொழிலில் இருக்கும் அந்த மெக்கானிக், டார்ச் விளக்கை என் கையில் கொடுத்து, "பிடிச்சுக்குங்க சார், உங்க கண்ணாலயே பாருங்க" என்றார். தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டில் முடி அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. அதையும் அதோடு சேர்ந்து வயதாகியிருந்த நீர் பம்ப்பையும் ரப்பர் குழாய்களையும் மாற்ற, கூலியுடன் 26,000 ரூபாய் ஆயிற்று.

சேவை நிலையம் என்னை ஏமாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். செய்த வேலைக்கு அவர்கள் உத்தரவாதம் தர வேண்டும்; ஒரு மணி நேரக் கூலியே அங்கு அதிகம்; விரிசலைத் தேடுவதைவிடத் தொகுதி முழுவதையும் கழற்றி மாற்றுவது அவர்களுக்கு எளிது. புதிய காருக்கு அந்த முறை பொருந்தலாம். இருபது ஆண்டுக் காருக்குப் பொருந்தாது; காரின் விலையையே பழுதுச் செலவு விழுங்கிவிடும். பல நல்ல கார்கள் உடைந்ததால் அல்ல, இந்தக் கணக்கினால்தான் கழிவுக்குப் போகின்றன. அன்று டார்ச் பிடித்த நாளில்தான் என் கல்வி தொடங்கியது.

பழைய சொகுசு காரில் முதலில் முதுமை எய்துபவை இரும்பும் உருக்கும் அல்ல, பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான். குளிர்விப்பு அமைப்பு அழுத்தத்தின்கீழ் இயங்குகிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல இருமடங்கு அழுத்தத்தில் நீர் கொதிக்கும் வெப்பநிலை 100 டிகிரியிலிருந்து சுமார் 120 டிகிரியாக உயரும். இன்ஜின் அதிக வெப்பத்தில் பாதுகாப்பாக இயங்க இது உதவுகிறது. ஆனால் தினமும் சூடாகி, ஆறி, மீண்டும் சூடாகும் பிளாஸ்டிக், சில ஆண்டுகளில் அப்பளம்போல் நொறுங்கும் நிலைக்கு வருகிறது. ஒன்று உடைந்தால் மற்றவையும் அதே வயதுடையவை என்று பொருள். ஆகவே, அவற்றைத் தவணை முறையில் மாற்றுவதைவிட ஒரே நேரத்தில் மாற்றுவது சிக்கனம். சூடான இன்ஜினில் கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்குக் காரணமும் இந்த அழுத்தம்தான். திறந்த கணத்தில் அழுத்தம் விடுபட்டு, உள்ளிருப்பது கொதித்து முகத்தில் பாயும்.

ரப்பருக்கும் இதே கதை. சக்கரங்களைத் தாங்கும் உலோகக் கைகளின் முனைகளில் ரப்பர் புஷ்கள் உண்டு. மேடு பள்ளங்களின் அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்கின்றன. சொகுசு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த ரப்பர்தான். அவற்றை மாற்றும்போது நான் ஒரு தவறு செய்தேன். கார் ஜாக்கியில் தூக்கி நிற்க, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டுகளை முழுமையாக இறுக்கிவிட்டேன். காரைத் தரையில் இறக்கியதும் அந்தக் கைகள் மேலே எழ, ரப்பர்கள் நிரந்தரமாக முறுக்கப்பட்ட நிலையில் நின்றன. எட்டே மாதங்களில் கிழிந்துபோயின. காரின் எடை சக்கரங்களின்மீது இறங்கிய பிறகே அந்தப் போல்ட்டுகளை இறுதியாக இறுக்க வேண்டும் என்பதைப் பழுதுபார்ப்புக் கையேடு தெளிவாகச் சொல்கிறது. அந்தக் கையேடு எனக்குப் பிற்பாடுதான் கிடைத்தது. சில நூறு ரூபாய் மதிப்புள்ள ஒரு தகவல் இல்லாததால் சில ஆயிரம் ரூபாய் பொருள் வீணாயிற்று.

மூன்றாவது பாடம் கணினியிடமிருந்து வந்தது. ஒருநாள் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு சிறு கருவியைக் காரின் கணினியோடு இணைத்துப் படித்தேன். 'பி0171' என்று வந்தது. பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம் என்று பொருள். அதைக் கண்டறிந்து சொன்னது ஆக்சிஜன் உணரி. எனவே அதை மாற்றினேன். ஒரு வாரத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது. பட்டறையில் மெக்கானிக் சிரித்தார். "செய்தி சொன்னவனைத் தூக்கிட்டீங்க சார், செய்தி அப்படியே இருக்கு" என்றார். புகை செலுத்திச் சோதிக்கும் கருவியால் பார்த்தபோது, காற்று செல்லும் பாதையில் முழங்கைபோல் வளைந்த ஒரு ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தில் வெடிப்பு இருந்தது. கணக்கில் வராத காற்று அதன் வழியே உள்ளே போயிருக்கிறது. கணினி அறிகுறியைத்தான் சொல்கிறது. காரணத்தைத் தேடுவது மனிதனின் வேலை. நோயின் மூலத்தை ஆராயும்படி மருத்துவனுக்கு வள்ளுவர் சொன்ன அறிவுரை மெக்கானிக்குக்கும் பொருந்தும்.

எல்லா வேலைகளையும் வீட்டிலேயே செய்யலாம் என்று நான் வாதிடவில்லை. என் அனுபவத்தில் அவற்றை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். ஆயில், வடிகட்டிகள், ஸ்பார்க் பிளக், கண்ணாடித் துடைப்பான், பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்தல் ஆகியன கையேட்டைப் படிக்கும் பொறுமையுள்ள எவரும் செய்யக்கூடியவை. பிரேக் பட்டைகள், கூலன்ட் குழாய்கள், புஷ்கள் ஆகியன ஒருமுறையேனும் அனுபவமுள்ளவருடன் இருந்து கற்றபின் செய்யக்கூடியவை. செய்து முடித்தபின் இன்னொருவர் கண்ணால் சரிபார்க்க வேண்டியவை. காற்றுப்பைகள், சஸ்பென்ஷன் சுருள் கம்பிகள், எரிபொருளின் உயர் அழுத்தப் பகுதிகள் ஆகியவற்றை நான் தொடுவதே இல்லை. காற்றுப்பையில் இருப்பது வெடித்து விரியும் வேதிப்பொருள். சுருள் கம்பியில் அடைபட்டிருப்பது ஓர் ஆளைக் கொல்லக்கூடிய விசை.

எந்த வேலையானாலும் ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையை நுழைக்கக் கூடாது. உறுதியான தாங்கிகளில் காரை நிறுத்திய பிறகே நுழைய வேண்டும். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் கை அறியாது. அதை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் அறியும். சில போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும்படி வடிவமைக்கப்பட்டவை. கழற்றினால் மறுமுறை பயன்படுத்தக் கூடாது. வடித்தெடுத்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது குற்றம். அதைச் சேகரித்து அனுப்பும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளுக்கும் தெரு நாய்களுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தன் காரைத் தானே பழுதுபார்க்கும் உரிமை கேட்பவருக்கு இந்தக் கடமைகளும் உண்டு.

இனி உரிமையைப் பற்றி. என் 2003ஆம் ஆண்டுக் காரில் ஸ்பேனருக்கு மசியாத பகுதி குறைவு. அதற்குப் பின்வந்த சொகுசு கார்களில் நிலைமை வேறு. பல கார்களில் புதிய பேட்டரியைப் பொருத்தினால் மட்டும் போதாது. பேட்டரி மாறிவிட்டது என்று காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். மின்னணுக் கைப்பிரேக் உள்ள காரில் பின்சக்கரப் பட்டைகளை மாற்ற, முதலில் கணினிவழி அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வேறொரு காரிலிருந்து கழற்றிய நல்ல நிலையிலுள்ள மின்னணுப் பாகத்தைப் பொருத்தினாலும், நிறுவனத்தின் அனுமதியின்றி அது வேலை செய்ய மறுக்கும். திருட்டைத் தடுக்க இத்தகைய பூட்டுகள் உதவுகின்றன என்பது உண்மை. அதே பூட்டு, உரிமையாளரையும் அவருடைய தெருமுனை மெக்கானிக்கையும் சேர்த்தே வெளியில் நிறுத்துகிறது என்பதும் உண்மை. "புது வண்டி வந்தா திருப்பி அனுப்பிடறேன் சார். என்ன கோளாறுன்னு தெரியுது, ஆனா உள்ளே போக சாவி இல்லை" என்றார் அந்த மெக்கானிக். முப்பது ஆண்டு அனுபவம் ஒரு கடவுச்சொல்லின் முன் கைகட்டி நிற்கிறது.

நம் நாட்டில் இது விவாதிக்கப்படாத பிரச்சினை அல்ல. அசல் உதிரிபாகங்களையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல், சுயேச்சையான பட்டறைகளின் வாய்ப்பைத் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான கட்டமைப்பை உருவாக்க ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றுடன் மோட்டார் வாகனங்களும் அதன் வரம்பில் சேர்க்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால், நிறுவனங்கள் விரும்பிப் பகிரும் தகவலுக்கும், சட்டப்படி பகிர்ந்தே தீர வேண்டிய தகவலுக்கும் இடைவெளி பெரிது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ஆம் ஆண்டு மக்கள் நேரடியாக வாக்களித்து, கார் நிறுவனங்கள் தம் சொந்த விற்பனையகங்களுக்குத் தரும் பழுதுபார்ப்புத் தகவலைச் சுயேச்சையான பட்டறைகளுக்கும் நியாயமான விலையில் தர வேண்டும் என்ற சட்டத்துக்கு வழிவகுத்தனர். அதன் விளைவாக 2014இல் நிறுவனங்கள் நாடு முழுவதற்கும் அதை ஏற்று உடன்பாட்டுக்கு வந்தன.

நிறுவனங்கள் முன்வைக்கும் முக்கியமான எதிர்வாதம் பாதுகாப்பு. பயிற்சியற்ற கைகள் பிரேக்கைத் தொட்டால் உயிர் போகும் என்கிறார்கள். பர்லியாறில் நின்றவன் என்ற முறையில் அந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஆனால் அன்று என்னை ஆபத்தில் தள்ளியது நான் பிரேக்கைத் தொட்டதல்ல, தொடாமல் விட்டது. கையேட்டின் ஒரு வரியை நான் மதித்திருந்தால் அது நேர்ந்திருக்காது. ரப்பர் புஷ் விஷயத்தில் தவறு நேர்ந்ததும் சரியான தகவல் கையில் இல்லாததால்தான். தகவலை மறைத்தால் மக்கள் பழுதுபார்ப்பதை நிறுத்திவிடமாட்டார்கள்; அரைகுறையாகப் பழுதுபார்ப்பார்கள். வசதியில்லாதவர் அதையும் செய்யாமல் அப்படியே ஓட்டுவார். பாதுகாப்பை முன்னிறுத்துபவர்களே தகவலைத் திறந்துவிடும்படி முதலில் கேட்க வேண்டும்.

பழைய காரைப் பாதுகாப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்ற கேள்வியும் நியாயமானது. என் கார் வெளியிடும் புகை, 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 தரத்துக்கு அருகிலும் வராது. நாள்தோறும் அறுபது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். மாதத்தில் சில நாள்கள் மட்டும் ஓடும் காரின் கணக்கு வேறு. புதிய காரை உற்பத்தி செய்வதிலும் இரும்பும் அலுமினியமும் மின்சாரமும் செலவாகின்றன. அரசும் வயதுக்குத் தக்க விலை வைத்திருக்கிறது. 15 ஆண்டுகளைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கு அது 2025இல் 10,000 ரூபாயாக்கப்பட்டது. அதைச் செலுத்த எனக்குத் தயக்கமில்லை. தகுதிச் சோதனையில் தேறாத காரைச் சாலையிலிருந்து விலக்குவதும் சரியே. தேறக்கூடிய காரைத் தேறவைக்கும் வழியை அடைத்துவிட்டு அதைப் பழையது என்று கழிப்பதுதான் சரியல்ல.

இதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. பழுதுபார்ப்புக் கையேடுகளை நியாயமான கட்டணத்தில் எவருக்கும் கிடைக்கச் செய்வது, பேட்டரிப் பதிவு போன்ற சாதாரணப் பராமரிப்புப் பணிகளுக்கான மென்பொருளைப் பதிவுபெற்ற சிறு பட்டறைகளுக்குத் திறந்துவிடுவது, உற்பத்தி நின்ற பிறகும் எத்தனை ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்கும் என்பதைக் கார் விற்கும்போதே எழுத்தில் தருவது. இம்மூன்றையும் சட்டமாக்கினால் போதும். பயன்பெறுவோர் சொகுசு கார் வைத்திருக்கும் சிலர் மட்டுமல்லர். இன்று சொகுசு காரில் வரும் பூட்டு நாளை சிறிய காரிலும், மறுநாள் டிராக்டரிலும் வரும். தன் வயலில் நிற்கும் டிராக்டரைத் தானே திறந்து பார்க்க முடியாத விவசாயிக்கு இழப்பு ஒரு பருவத்து விளைச்சல்.

இப்போது என் காரின் போனட்டைத் திறந்தால், பிரேக் திரவக் குடுவையின் மூடியில் ஒரு வெள்ளை நாடா ஒட்டியிருப்பதைக் காணலாம். திரவத்தைக் கடைசியாக மாற்றிய தேதியும் அடுத்து மாற்ற வேண்டிய தேதியும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியது என் மனைவி. தேதி நெருங்கினால் எனக்கு முன்பே அவர் நினைவூட்டிவிடுகிறார்.